அப்பாவுக்குத் தனி உலையா, வீட்டுக்கே ஒரே உலையா?

அப்பாவின் சிறுநீரகக் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்திருந்த உணவுத் தாளை விறாந்தையில் விரித்தபோது வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். "இனிப் பத்தியம்தான். கஞ்சியும் சாரணைக் கசாயமும் குடுங்கோ" என்றார் பெரியம்மா. தாளில் கூடாது என்று போட்டிருக்கிற எதையும் தொடாமல் அப்பாவுக்குத் தனியாகச் சமைப்போம் என்றான் தம்பி. அம்மா எதுவும் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய், காலையில் வாங்கிய பாரை மீனைப் பார்த்தபடி நின்றார். அந்த மீனை அன்றைக்கு எப்படிச் சமைப்பது என்பதுதான் எங்கள் முன்னால் இருந்த கேள்வி.

அப்பாவுக்கு வயது 67, எடை 62 கிலோ. வீடு மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில், வயல் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். கணக்கு அவருக்கு 27. இது 15க்கும் 29க்கும் இடையில் இருந்தால் நான்காம் நிலை. 15க்குக் கீழே இறங்கினால் ஐந்தாம் நிலை. இரத்தத்தில் பொட்டாசியம் 5.4. ஐந்துக்குள் நின்றிருக்க வேண்டியது அது. பிரஷர் இருக்கிறது, சீனி வருத்தம் இல்லை. இவை எல்லாவற்றுக்கும் முன்னாலேயே வந்த வயிற்றெரிவும் இருக்கிறது. கேஸ்டிரைட்டிஸ் என்று பல வருடமாக அதற்கு ஏதாவது குடித்துக்கொண்டே இருப்பார்.

பத்தியம், தனி உலை, ஒரே உலை என்று மூன்று வழிகளையும் நாங்கள் ஒன்றரை வருடத்தில் ஏதோ ஒரு விதத்தில் பார்த்துவிட்டோம். இதே கேள்வியோடு இருக்கிற வீடுகள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நிறைய உண்டு என்பதால் எழுதுகிறேன். ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். இங்கே வரும் எண்கள் அப்பாவின் ரிப்போட்டுக்குப் பொருந்தியவை. உங்கள் வீட்டு நோயாளியின் பொட்டாசியம் 4.2 என்றால் அவர் வாழைப்பழத்தை விட வேண்டிய தேவையே இல்லாமல் இருக்கலாம். ரிப்போட்டைப் பார்த்து வைத்தியரும் உணவு ஆலோசகரும் சொல்வதுதான் அளவு.

பெரியம்மா சொன்ன பத்தியத்தை நான் லேசாகத் தள்ள மாட்டேன். உப்பில்லாக் கஞ்சி வெறும் கிழவிப் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய சங்கதி. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் என்ற வைத்தியர் 1940களில் கடுமையான பிரஷரும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்குச் சோறும் பழமும் பழச்சாறும் சீனியும் மட்டுமே கொடுத்து வைத்தியம் செய்தார். உப்பு கிட்டத்தட்ட இல்லை, புரதம் நாளுக்கு 20 கிராம் அளவுதான். இன்று இருப்பதுபோல் நல்ல பிரஷர் மருந்துகள் இல்லாத காலம் அது. அந்தச் சோற்றிலேயே பலருக்குப் பிரஷர் இறங்கியது, வீக்கம் வடிந்தது. ஆகவே உப்பைக் குறைத்துச் சோற்றை முன்வைக்கும் பத்தியத்தில் உண்மை இருக்கிறது.

ஆனால் கெம்ப்னரின் நோயாளிகள் அவருடைய கண்பார்வையில், இரத்தமும் சிறுநீரும் திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட்டு இருந்தார்கள். நம் வீட்டில் ஒரு வயதானவருக்கு மாதக்கணக்காக மீனும் முட்டையும் பருப்பும் இல்லாமல் கஞ்சி ஊற்றினால் முதலில் கரைவது தசை. டயலிசிஸ் தொடங்காத மூன்றாம் நிலை முதல் ஐந்தாம் நிலை வரையிலான நோயாளிகளுக்கு இப்போது பொதுவாகச் சொல்லப்படும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம். அதைவிடக் குறைவாகக் கொடுக்கும் முறைகளும் உண்டு. அவை வைத்தியரின் கண்காணிப்பில், சில வேளை புரதக் குறையை ஈடுசெய்யும் கீட்டோ அமில மாத்திரைகளோடு நடப்பவை. அடுப்படியில் நாமாக முடிவு செய்யக்கூடியவை அல்ல.

பத்தியத்தில் எனக்கு உண்மையான பயம் கஞ்சியில் இல்லை, கசாயத்தில்தான். மூலிகை என்றால் பாதகமில்லை என்று நம்புகிறோம். ஈஸ்வரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் நம் பக்கத்தில் பெயர்பெற்ற மூலிகைகள். இரண்டிலும் அரிஸ்டொலொக்கிக் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரகத்தை நேரடியாகக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். பொதியில் கட்டித் தரும் கசாயச் சரக்கில் என்னென்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது கோபப்படவில்லை. "அப்ப கஞ்சிய மட்டும் வைப்பமே" என்றார். வயிறு சரியில்லாத நாட்களில் இன்றும் அவர் கைக்கஞ்சிதான் அப்பாவுக்கு.

தம்பி சொன்ன தனி உலையை இரண்டு மாதம் செய்தோம். காகிதத்தில் பார்த்தால் இதுதான் மிகச் சரியான வழி. அப்பாவின் சட்டி தனி, அதற்கு உப்புக் கிடையாது, தூள் கிடையாது, புளி கிடையாது. தாளில் கூடாது என்றிருந்த நாற்பது சாமானில் ஒன்றுகூட அதில் விழவில்லை. நாங்கள் சுறாப் புட்டும் இறால் குழம்பும் சாப்பிடும்போது அப்பா வெள்ளையாக அவித்த மரக்கறியோடு மேசையின் ஓரத்தில் இருப்பார். மூன்றாம் கிழமை, "புள்ள, எனக்குப் பசியில்ல" என்று எழும்பினார். சிறுநீரகம் தளரும்போது குமட்டலும் வாயில் ஒரு கசப்பும் தானாகவே வரும் என்பதால் நோய்தான் கூடிவிட்டது என்று பயந்தோம். பிறகுதான் அம்மா கண்டுபிடித்தார், நாங்கள் வெளியே போன நேரம் பார்த்து அப்பா கருவாட்டைச் சுட்டுச் சாப்பிட்டிருக்கிறார். அடுப்புச் சாம்பலில் முள் கிடந்தது. அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. அடுத்த கிளினிக்கில் எடை நான்கு கிலோ குறைந்திருந்தது, பிரஷர் இறங்கவில்லை, பொட்டாசியம் மிகக் கொஞ்சம்தான் அசைந்திருந்தது. மலச்சிக்கல் வேறு வந்துவிட்டது.

அந்த மலச்சிக்கலைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் கவனிப்பதில்லை. சிறுநீரகம் தளர்ந்த உடம்பு, பொட்டாசியத்தில் ஒரு பங்கைக் குடல் வழியாகத் தள்ளிக்கொள்ளப் பழகும். நாம் பொட்டாசியத்துக்குப் பயந்து கீரை, மரக்கறி, பழம் எல்லாவற்றையும் நிறுத்தினால் நார் இல்லாமல் குடல் இறுகுகிறது, அந்த வழியும் அடைபடுகிறது. எதைக் குறைக்க நினைத்தோமோ அதுவே இரத்தத்தில் தேங்க இடம் கொடுத்ததாகிவிடும். வயிற்றையும் சிறுநீரகத்தையும் இரண்டு வெவ்வேறு வருத்தம் என்று வைத்துப் பார்த்த வரைக்கும் எங்களுக்கு இது விளங்கவில்லை.

ஒரே உலைக்கு வந்தது உப்பைக் கணக்குப் பார்த்த பிறகு. நாளுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள் என்பது எல்லோருக்குமே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. தட்டிச் சமன் செய்த ஒரு தேக்கரண்டி உப்பு அவ்வளவுதான். நாங்கள் வீட்டில் நான்கு பேர். அப்படியானால் 400 கிராம் உப்புப் பக்கற் இருபது நாள் வர வேண்டும். கலண்டரில் திகதி எழுதி வைத்துப் பார்த்தேன். ஒன்பது நாளில் முடிந்தது. மீன் உரசிக் கழுவக் கொஞ்சம் போயிருக்கும், சரி. அதைக் கழித்தாலும் நாங்கள் எல்லோருமே ஏறக்குறைய இரண்டு மடங்கு உப்புத் தின்றுகொண்டிருந்தோம், கருவாடும் மாசியும் ஊறுகாயும் சேராமலேயே. அம்மாவுக்கும் பிரஷர் இருக்கிறது. அப்போதுதான் அப்பாவை மேசையின் ஓரத்துக்குத் தள்ளியது பிழை என்று எனக்குப் பட்டது.

செய்த முறை இதுதான். அம்மாவின் உப்புச் சிரட்டையை எடுத்துவிட்டு ஒரு சின்னப் போத்தல் வைத்தோம். காலையில் நான்கு தேக்கரண்டி உப்பு அதில் விழும், அன்றைய சமையல் முழுக்க அதற்குள். முதல் கிழமை அம்மாவின் கை தானாகச் சிரட்டை இருந்த மூலைக்குப் போய்த் திரும்பும். கறிக்குப் பாதி உப்புப் போட்டு, அப்பாவுக்கு எடுத்த பிறகு மற்றவர்கள் வேண்டுமானால் மேசையில் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்தோம். ஆறேழு கிழமையில் மேசை உப்பை யாரும் தேடவில்லை. நாக்கு பழகிக்கொள்கிறது. கடைச் சாப்பாடுதான் இப்போது எங்களுக்குக் கரிக்கிறது.

அப்பாவின் கோப்பையில் வேறுபாடு இல்லாமல் இல்லை. ஆனால் அது சட்டியில் இல்லை, அகப்பையில் இருக்கிறது. குழம்பில் கொதிக்கும்போது உப்பும் பொட்டாசியமும் சாற்றுக்கு இறங்குகின்றன. அதனால் அவருக்குக் கறித்துண்டு முழுதாக, குழம்பு ஒரு கரண்டி. உருளைக்கிழங்கு, ஈரப்பலா, வத்தாளை போன்றவற்றைச் சின்னதாக வெட்டி நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் கறியாக்குகிறோம். பொட்டாசியம் ஏறத்தாழப் பாதி போய்விடும். வெறுமனே ஊற வைப்பதால் பெரிய பலன் இல்லை. மரவள்ளி அவித்த தண்ணீரை ஊற்றிவிடுவது நம் வீடுகளில் ஏற்கெனவே உள்ள பழக்கம்தானே, அம்மாவுக்கு இதைப் பழகுவது கஷ்டமாக இருக்கவில்லை. புடலங்காய், கோவா, வெள்ளரி, சுரைக்காய்க்கு இவ்வளவு பாடு தேவையில்லை. பலாப்பழக் காலத்தில்தான் வீட்டில் சண்டை. இரண்டு சுளை என்று பேசி முடித்திருக்கிறோம்.

புரதக் கணக்கும் ஒரே உலைக்குள் அடங்குகிறது. 62 கிலோவுக்கு 0.8 என்றால் ஐம்பது கிராம். மூன்று நேரச் சோறு, இடியப்பம், புட்டிலேயே பதினெட்டு, இருபது வந்துவிடும். இரண்டு மேசைக்கரண்டி பருப்பில் மூன்று, நான்கு. ஒரு முட்டையில் ஆறு. மிச்சத்துக்கு மீன். தீப்பெட்டி அளவுத் துண்டில் ஆறேழு கிராம் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு மூன்று துண்டு. நாற்பது வருடம் வயலில் நின்ற மனிதனுக்கு இது குறைவாகத் தோன்றலாம், ஆனால் பட்டினி இல்லை. வாவி மீனா கடல் மீனா என்பதில் வித்தியாசம் பார்க்கத் தேவையில்லை. புதுமீனா கருவாடா என்பதில் நிறைய இருக்கிறது. கருவாட்டை ஊற வைத்துக் கழுவினால் உப்புக் குறையும், ஆனால் போகாது. முள்ளோடு மெல்லும் நெத்தலியிலும் சூடையிலும், தளர்ந்த சிறுநீரகம் வெளியே தள்ளத் தடுமாறும் பொஸ்பரஸ் கூட, அதைச் சாப்பிடும் நாளில் முட்டையை விடுகிறோம்.

விரத நாளுக்குச் சோயாமீட் நல்லது என்று நினைத்திருந்தோம். அதோடு வரும் தூள் பக்கற்றைப் போடாமல் சமைத்தால்தான் ஏதோ பரவாயில்லை, இல்லாவிட்டால் உப்பு அப்படியே வந்து சேரும். சொசேஜஸ், சூப் கட்டி, கோலா வகைகளை வீட்டுக்கே எடுப்பதில்லை. பதப்படுத்தச் சேர்க்கும் பொஸ்பேட் கிட்டத்தட்ட முழுதாக உடம்பில் சேரும். பருப்பிலும் தானியத்திலும் உள்ள பொஸ்பரஸில் பாதிகூடச் சேராது. சிவப்பரிசியா வெள்ளையரிசியா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். சிவப்பில் பொஸ்பரசும் பொட்டாசியமும் கொஞ்சம் கூட, நாரும் கூட. அப்பாவின் மலச்சிக்கலைப் பார்த்து ஒரு நேரம் சிவப்பு, ஒரு நேரம் வெள்ளை என்று வைத்திருக்கிறோம்.

எந்த உலையைத் தேர்ந்தெடுத்தாலும் தீராத சிக்கல் ஒன்று இருந்தது. வயிற்றுக்கு நல்லது என்று ஊரே சொல்கிற சாமான்களைத்தான் சிறுநீரகத் தாள் கூடாது என்கிறது. வயிறு எரிந்தால் செவ்விளநீர் குடி என்பார்கள். ஒரு பெரிய கிளாசில் பொட்டாசியம் 500 மில்லிகிராமுக்கு மேல் வரும், எரிகிறதே என்று நாளுக்கு இரண்டு குடித்தால் கதை வேறு. அப்பாவின் முதல் ரிப்போட்டில் இருந்த 5.4இல் முற்றத்துச் செவ்விளநீருக்குப் பங்கிருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். பொட்டாசியம் கூடினால் உடம்பு பெரும்பாலும் எந்த எச்சரிக்கையும் தராது. மிக அதிகமானால் இதயத் துடிப்பே குழம்பும்.

பால் இன்னொன்று. குடித்தவுடன் எரிவு அடங்கும், உண்மைதான். ஆனால் பால் வயிற்றில் அமிலத்தை மறுபடி சுரக்கத் தூண்டும், ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் எரிவு திரும்பும். 1915இல் சிக்காகோவில் பெர்ட்ரம் சிப்பி என்ற வைத்தியர் வயிற்றுப் புண்ணுக்கு மணிக்கொரு தரம் பாலும் கிரீமும் கொடுத்து, இடையில் அமிலத்தை முறிக்கும் காரப் பொடிகளும் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். பல பத்தாண்டுகள் உலகமெங்கும் அதுவே வைத்தியமாக இருந்தது. அப்படிப் பாலும் காரமும் தொடர்ந்து எடுத்தவர்களில் சிலருக்கு இரத்தத்தில் கல்சியம் ஏறிச் சிறுநீரகமே பழுதானது. வயிற்றைக் காப்பாற்றப் போய்ச் சிறுநீரகத்தை இழந்த கதை நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அப்பாவின் பால்மா கரண்டியைக் குறைத்து, காலையில் ஒரு பால் தேத்தண்ணி, பின்னேரம் வெறுந்தேத்தண்ணி என்று நிறுத்தினோம்.

அமிலம் முறிக்கும் மருந்துகளைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பொங்கி வரும் பழ உப்புப் பொடியில் நிறையச் சோடியம் இருக்கிறது, போத்தலை அளந்து உப்புப் போட்டுவிட்டு இதைக் குடித்தால் அளந்ததில் அர்த்தமில்லை. வெள்ளைத் திரவ மருந்துகள் பலவற்றில் அலுமினியமும் மக்னீசியமும் உண்டு, தளர்ந்த சிறுநீரகம் அவற்றைச் சரியாக வெளியே தள்ளாது. மலச்சிக்கலுக்கு எடுக்கும் மக்னீசியா மருந்துக்கும் இதேதான். எல்லாவற்றையும்விட மோசமானது முழங்கால் வலிக்கு என்று பார்மசியில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரை. அது வயிற்றையும் அரிக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். அப்பா வெட்டுக்காலத்தில் அதைத் தின்றே வேலை செய்தவர். அதை நிறுத்தியபோது வயிற்றெரிவில் பாதி தானாகவே நின்றது. கிருமியால் வரும் வயிற்றுப் புண்ணும் உண்டு. எச். பைலோரி என்ற அந்தக் கிருமியைக் கண்டறிந்ததற்காக பெரி மார்ஷலுக்கும் ரொபின் வொரனுக்கும் 2005இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அது இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளலாம், இருந்தால் மருந்துக்குத் தீரும். வருடக்கணக்காகப் பாலும் இளநீரும் குடிக்கத் தேவையில்லை.

உப்பைக் குறைத்தால் தேசிக்காய் பிழியுங்கள் என்பார்கள், அப்பாவின் வயிற்றுக்கு அது ஒத்துவரவில்லை. அம்மா கண்டுபிடித்த மாற்று வறுத்த பெருஞ்சீரகம், கருவேப்பிலை, ரம்பை, கடைசியில் ஒரு கைப்பிடி வதக்கிய சின்ன வெங்காயம். இரண்டாம் பாலில் வைத்த சொதியில் இவை விழும்போது வரும் வாசத்துக்கு அப்பா கூப்பிடாமலே வந்து உட்காருவார். மிளகாய்த்தூளைப் பாதியாக்கினோம், முழுதாக நிறுத்தவில்லை. காரம் புண்ணை உண்டாக்குவதில்லை, சிலருக்கு எரிவைக் கூட்டும். எவ்வளவு தாங்கும் என்று அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டோம்.

இந்தியாவிலிருந்து வரும் இந்துப்பையும், 'சோடியம் குறைந்தது' என்று விற்கும் உப்பையும் பலர் சிபாரிசு செய்தார்கள். இந்துப்பு பெரும்பாலும் அதே சோடியம் குளோரைட்தான். சோடியம் குறைந்த உப்பில் அதற்குப் பதிலாகப் போடுவது பொட்டாசியம் குளோரைட், அப்பா போன்றவருக்கு அதைவிட ஆபத்தான சாமான் அடுப்படியில் வேறில்லை. குறுக்கே வெட்டினால் ஐந்து முனை தெரியும் நட்சத்திரப்பழத்தையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். அதற்குக் கொஞ்சமாக என்ற அளவே கிடையாது. சிறுநீரக நோயாளிக்கு விக்கலில் தொடங்கி வலிப்பு, மயக்கம் வரை கொண்டுபோகும்.

ஒரே உலை எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் பிள்ளைத்தாச்சியும் வளர்கிற பிள்ளைகளும் இருந்தால் அவர்களின் கோப்பையை அப்பாவின் கோப்பை அளவுக்குக் குறைக்க முடியாது. அங்கே உப்பு மட்டும் பொது, மீன் அவரவர் அளவு. சீனி வருத்தமும் சேர்ந்திருந்தால் சோற்றின் அளவும் இறங்கும், இரத்தத்தில் சீனி திடீரென்று இறங்கினால் என்ன கொடுப்பது என்பதையும் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பொட்டாசியம் 6ஐத் தாண்டிய ஒருவருக்கு, அது இறங்கும் வரைக்கும் தனி உலைதான் பாதுகாப்பு. அந்தச் சில கிழமைக்கு நானும் தம்பியின் பக்கம்.

தண்ணீருக்கும் ஒரே விதி இல்லை. அம்பாறை மாவட்டத்தில் தெஹியத்தகண்டியப் பக்கத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் அதிகம். வயலில் வேலை செய்பவர்களுக்கு வருகிற அந்த நோயில் வீக்கமும் பிரஷரும் பெரும்பாலும் பிந்தித்தான் வரும். வீக்கம் உள்ளவருக்குச் சொன்ன 'தண்ணீரைக் குறை' என்பதைக் கேட்டு அவர்கள் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நிற்பது இருக்கிற சிறுநீரகத்தையும் காய விடுவதாகும். அப்பாவுக்குக் காலில் வீக்கம் இல்லை. வயலுக்குப் போகிற நாளில் இரண்டு போத்தல் கொண்டுபோகிறார்.

இப்போது அப்பாவின் எடை மறுபடி 61. பொட்டாசியம் 4.8. ஈ.ஜி.எஃப்.ஆர். 26. அது ஏறவில்லை, ஏறும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவும் இல்லை. டயலிசிஸ் வந்தால் கணக்கு மாறும் என்று போன கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். டயலிசிஸில் புரதம் கழிந்து போவதால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை கொடுக்க வேண்டியிருக்கும். அதைக் கேட்டுவிட்டு வந்த அப்பா, அப்படியானால் மீன் கூடுமோ என்று அம்மாவிடம் கேட்டார். கூடும், இன்னும் இரண்டு துண்டு என்றார் அம்மா. உப்புப் போத்தலில் அன்றைக்கும் நான்கு தேக்கரண்டிதான் இருந்தது.